சராசரியில் காணாமல் போகும் 18 பேர்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வெளியே வரும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அதில் தோளில் கல்லூரிப் பையோடு சிலர் இருப்பார்கள். கேன்டீனில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, திருவள்ளூர் போகும் பஸ்ஸைப் பிடிப்பார்கள். பத்து மணிக்கு வகுப்பில் இருக்க வேண்டும். அவர்களில் பலர் நம் சேரிப் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

அப்படி ஒரு தம்பி, பி.காம். இரண்டாம் ஆண்டு, போன பருவத்தில் நம் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தார். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். 'சி.ஓ. 1, சி.ஓ. 2' என்று எண் போட்ட ஐந்து வாக்கியங்கள்.

"அண்ணா, இத மனப்பாடம் பண்ணிட்டு வரச் சொன்னாங்க. நாக் டீம் வருதாம். யாரைக் கேட்டாலும் சொல்லணுமாம்."

"அர்த்தம் சொன்னாங்களாப்பா?"

"அதுக்கு நேரம் இல்லைன்னுட்டாங்கண்ணா."

அந்தத் தாளில் இருந்தது, ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதன் பட்டியல். 'கற்றல் விளைவுகள்' என்பது இதன் பெயர். பாடம் தொடங்கும் முதல் நாளிலேயே அந்தத் தம்பிக்குப் புரிய வைத்திருக்க வேண்டிய விஷயம், ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய நாள் மனப்பாடச் செய்யுளாகக் கைக்கு வந்திருக்கிறது.

நாக் என்றால் என்ன?

தேசிய தர மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவைத்தான் கல்லூரிகளில் 'நாக்' என்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 1994-ல் உருவாக்கிய அமைப்பு. தலைமையகம் பெங்களூரு. ஒரு கல்லூரி தன்னைப் பற்றித் தானே எழுதும் அறிக்கையைச் சரிபார்த்து, குழுவை அனுப்பிப் பார்த்து, 'ஏ பிளஸ் பிளஸ்' முதல் 'சி' வரை தரம் கொடுத்து வந்தது. தன்னாட்சித் தகுதி, சில நிதித் திட்டங்கள் எல்லாம் இந்தத் தரத்தைச் சார்ந்தவை. தர வரிசையை விட்டுவிட்டு, 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற இருநிலை முறைக்கு மாறப்போவதாக 2024 ஜனவரியில் அறிவிப்பும் வந்தது.

இதுவரை நடந்த முறையில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளுக்கு மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் கற்பித்தல், கற்றல், மதிப்பீடு என்ற ஒரு பகுதிக்கு மட்டும் 350. கட்டடத்துக்கும் வசதிக்கும் 100-தான். மாணவர் என்ன கற்றார் என்பதற்கே அதிக மதிப்பு என்று ஏட்டளவில் நாக் ஒப்புக்கொண்டிருக்கிறது. இது நல்ல செய்தி. 'மூன்று வருஷம் படித்த பிள்ளைக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வி, கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கும் நம் தாய் தகப்பன் கேட்கும் கேள்விதான்.

சிக்கல், அந்தக் கேள்விக்கு விடை எழுதும் முறையில் இருக்கிறது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

எடுத்துக்காட்டாக ஒரு வகுப்பில் 60 பேர். ஒரு கற்றல் விளைவை அடைந்ததாகக் கொள்ள, அதற்கான கேள்விகளில் பாதி மதிப்பெண் வாங்க வேண்டும் என்று கல்லூரி இலக்கு வைக்கிறது. வகுப்பில் 60 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டால் நிலை 1, 70 சதவீதம் என்றால் நிலை 2, 80 என்றால் நிலை 3. இந்த அளவுகோலைக் கல்லூரியே வைத்துக்கொள்ளலாம். பல கல்லூரிகளில் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

42 பேர் இலக்கைத் தொட்டார்கள். 70 சதவீதம். 'நிலை 2' என்று கோப்பில் ஏறிவிடும். மீதி 18 பேர்?

அந்த 18 பேர் யார் என்று எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டியதில்லை. அவர்களில் எத்தனை பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், எத்தனை பேர் இரவு வேலைக்குப் போகிறவர்கள், எத்தனை பேர் பட்டியலினத்தவர், எத்தனை பேர் இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் என்பது சராசரிக்குள் மறைந்துபோகிறது. 18 பேரும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்களாக இருந்தால்கூட அந்த எண் அதைச் சொல்லாது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சேர்க்கையின்போது இடஒதுக்கீட்டு இடங்களில் எத்தனை நிரம்பின என்று நாக் தனியாகக் கேட்கிறது. ஆனால் தேர்ச்சி விகிதம் என்று வரும்போது, இறுதியாண்டுத் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று ஒட்டுமொத்தமாகத்தான் கேட்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே அரியர் சேர்ந்து, பஸ் காசுக்கு வழியில்லாமல், அதே காக்களூர் கம்பெனிக்கு முழுநேர வேலைக்குப் போய்விட்ட பிள்ளை அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். உள்ளே வரும்போது நம்மைச் சாதி வாரியாக எண்ணுகிறார்கள். நடுவழியில் விழுந்தால் எண்ணுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர் பட்டியலினத்தவராக வாழும் திருவள்ளூர் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

அந்தத் தம்பியிடம் தாளில் இருந்ததைத் தமிழில் விளக்கினோம். அடக்கவிலைக் கணக்கியலில் வீணாகும் பொருளை எப்படிக் கணக்கில் கொண்டு வருவது என்பது ஒரு விளைவு. உடனே அவர் சொன்னார்: "இது எங்க கம்பெனில தினமும் பண்றதுதாண்ணா. ரிஜெக்ட் ஆன பீஸை ஷிப்ட் வாரியா, மெஷின் வாரியா தனியா எழுதுவோம். மொத்தமா எழுதினா எந்த மெஷின்ல கோளாறுன்னே தெரியாதே."

பிளாஸ்டிக் துண்டுக்கு இருக்கிற அந்தக் கவனிப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா? தோற்றவர் மேல் பழி போடுவதற்காக அல்ல, கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் பிரித்துக் கணக்கெடுக்கக் கேட்கிறோம்.

மதிப்பெண் போடும் கை

கற்றல் விளைவுக் கணக்கின் அடித்தளமே மதிப்பெண்தான். சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைத் தேர்வு 75. அந்த 25 வகுப்பறைக்குள் தீர்மானிக்கப்படுவது. அது நியாயமாக இருந்தால்தான் மேலே கட்டும் கணக்கெல்லாம் நிற்கும்.

டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய, பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006-ல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் தங்களுக்கு நியாயமான மதிப்பெண் கிடைக்கவில்லை என்று விசாரிக்கப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் சொன்னதை 2007-ல் வந்த அறிக்கை பதிவு செய்தது. நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியிலேயே நிலைமை இது. பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று மானியக் குழு 2012-ல் விதி கொண்டு வந்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? இதைப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசிரியர்கள் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளர்கள்தான் பல இடங்களில் இரவு பகலாக உட்கார்ந்து இந்தக் கோப்புகளை நிரப்புகிறார்கள். பாடம் நடத்த வேண்டிய நேரம் படிவத்துக்குப் போகிறது. தரம் என்பது விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்ட கொடுமையும் உண்டு. நல்ல தரம் பெறுவதற்காக லஞ்சம் கைமாறியதாக, ஆந்திராவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தை ஆய்வு செய்யச் சென்ற நாக் குழுவினரை 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்தது. தாளில் ஏறும் தரத்தை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் நடப்பது இதுதான்.

நாம் செய்ய வேண்டியது

நாக் விதிகளிலேயே நமக்கான கதவுகள் சில இருக்கின்றன. அவற்றைத் தட்ட வேண்டும்.

முதலாவது, மாணவர் திருப்திக் கருத்துக்கணிப்பு. மாணவர்களின் மின்னஞ்சலுக்கு நாக் நேரடியாக 21 கேள்விகள் அனுப்பும். இன்டர்னல் மதிப்பீடு நியாயமாக நடக்கிறதா, கற்றல் விளைவுகளை ஆசிரியர் உங்களுக்குச் சொன்னாரா என்ற கேள்விகளும் அதில் உண்டு. கடைசிக் கேள்வியில் உங்கள் கருத்தைச் சொந்தமாக எழுதலாம். நம் பிள்ளைகள் பலரின் மின்னஞ்சல், சேர்க்கை நேரத்தில் பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கியது. பாஸ்வேர்டு அவர்களுக்கே தெரியாது. இன்றே அதைச் சரிசெய்யுங்கள். நம் குரல் போய்ச் சேரும் வழி அது.

இரண்டாவது, உள் தர உறுதிப் பிரிவு. ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கும் இந்தக் குழுவில் மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர் சமூகம் ஆகியோருக்குப் பிரதிநிதித்துவம் உண்டு. வேலை கொடுப்போர், தொழில்துறை சார்பிலும் ஒருவர் வரலாம். உள்ளூர் சமூகம் என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும்தானா? படித்து வேலையில் இருக்கும் நம் தெரு அக்கா ஒருவர் ஏன் அங்கே உட்காரக் கூடாது? ஊராட்சி மன்றங்களும் மகளிர் குழுக்களும் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம்.

மூன்றாவது, கல்லூரியின் ஆண்டுத் தர அறிக்கை. அது கல்லூரி இணையதளத்தில் இருக்க வேண்டிய பொது ஆவணம். எடுத்துப் படியுங்கள். முதலாம் ஆண்டில் சேர்ந்த பட்டியலின மாணவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான்காவது, முதல் வகுப்பிலேயே கேளுங்கள்: "ஐயா, அம்மா, இந்தப் பாடம் முடியும்போது எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? தமிழில் சொல்லுங்கள்." இன்டர்னல் விடைத்தாளைக் கையில் வாங்கி, எங்கே தவறினோம் என்று கேளுங்கள். கேட்பது உரிமை. மரியாதைக் குறைவு ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மும்பையில் சித்தார்த் கல்லூரி வந்தது. சித்தார்த் இரவு உயர்நிலைப் பள்ளியையும் அந்தச் சங்கம் நடத்தியது. பகலெல்லாம் உழைக்கிறவருக்கும் படிப்பு உண்டு என்று காட்டிய பள்ளி அது. இங்கே இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரியின் கால அட்டவணையில் அவர்களுக்கு என்ன இடம்?

ஆய்வுக் குழு வந்த அன்று அந்தத் தம்பியை யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்லூரி வாசலில் வாழ்த்துப் பேனர் கட்டினார்கள். அடக்கவிலைக் கணக்கியலில் அவருக்கு அரியர். வரும் நவம்பரில் திரும்ப எழுதுகிறார். படிப்பகத்தில் ஞாயிறுதோறும் அவரோடு உட்கார்ந்திருக்கிறோம். அவரைப் போல அரியர் வைத்த இன்னும் ஐந்து பேர் வருகிறார்கள். உங்கள் ஊரிலும் அந்த 18 பேர் இருப்பார்கள். அவர்கள் யார் என்று கல்லூரி எண்ணும்வரை, நாம் எண்ணத் தொடங்குவோம்.