பிரிவு மாறினால் அனுபவம் உடன்வருமா?

நோயாளியைப் பேணும் பணி ஒன்றே ஆயினும், மருத்துவமனையில் பிரிவுகள் பல. ஒரு பிரிவில் பெற்ற அனுபவம் மற்றொரு பிரிவில் பயன்படுமா? 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது பல நாடுகளில் இக்கேள்வி எழுந்தது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவிலோ ஆள் போதவில்லை. எனவே அறுவை அரங்கச் செவிலியர் பலர் அங்கே அனுப்பப்பட்டனர்.

அவர்களோடு எவை சென்றன? கிருமி அண்டாமல் பணிபுரியும் பழக்கம். மூச்சுக்குழாய் பொருத்தும் மருத்துவருக்கு உதவும் திறன். மயக்க நிலையில் இருப்பவரை, குழாய்கள் நழுவாமல் புரட்டும் பயிற்சி. மூச்சுத் திணறியவர்களைக் குப்புறப் படுக்கவைக்க இப்பயிற்சி பெரிதும் உதவியது.

ஆயினும், அறுவை அரங்கில் நோயாளி இருப்பது சில மணி நேரமே. இங்கோ பல நாள்கள். மருந்து செலுத்தும் வேகத்தை நோயாளியின் நிலைக்கேற்ப மாற்றுவது, சுவாசக் கருவியின் எச்சரிக்கை ஒலிக்குப் பொருள் அறிவது, உள்ளே வர இயலாத உறவினருக்குத் தொலைபேசியில் ஆறுதல் கூறுவது ஆகியவற்றை அங்குள்ள மூத்த செவிலியரிடம் கேட்டே பழகவேண்டும். எல்லாம் தெரியும் என்றெண்ணி மருந்தின் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தன்றோ!

மாணவிகளே! செவிலியப் பணியை நாடுவோர் இதை நினைவில் கொள்க. கைப்பழக்கம் எங்கும் உடன்வரும். தெரியாததைத் தயங்காமல் கேட்கும் அடக்கமும் உடன்வரவேண்டும். அத்தகைய செவிலியின் பொறுப்பில்தான் நோயாளி அச்சமின்றி உறங்கலாம்.