லிட்டருக்கு ஆறு!

பைக் வாங்கியதும் பக்கத்து வீட்டு மாமா கேட்கிற முதல் கேள்வி என்ன? 'மைலேஜ் எவ்வளவு தம்பி குடுக்குது?' அறுபது என்றால் முகம் மலரும். 'லிட்டருக்கு ஆறு மாமா' என்று சொல்லிப் பாருங்கள்... உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார்!

ஆனால், எம்.எஸ். படிக்க டெக்சாஸ் பக்கம் போனீங்கன்னா, லிட்டருக்கு ஆறு குடுக்கிற வண்டிகள் தெருவுக்குத் தெரு நிற்கும். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, டாட்ஜ் ராம் என்று ஆளை மிரட்டும் சைஸில் பிக்கப் டிரக்குகள். ஊருக்குக் கிளம்புகிற சீனியர் ஒருத்தர், 'இருபது வருஷ வண்டி, கம்மி விலைக்குத் தர்றேன், எடுத்துக்கோடா' என்று சாவியை நீட்டினால் என்ன பண்ணுவீங்க?

முதலில் கணக்கு. 2000-களின் வி-8 இன்ஜின், நாலு சக்கர டிரைவ் வண்டி என்றால், அமெரிக்க அரசின் மதிப்பீடே கேலனுக்குச் சுமார் 14 மைல்தான். ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். (சிலர் இதைக் 'காலன்' என்று எழுதுவார்கள். பர்ஸைப் பொறுத்தவரை அதுதான் சரி!)

ஏன் இப்படிக் குடிக்குது? எடையே இரண்டு டன்னுக்கு மேல். முன்பக்கம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் இருமடிக்கு ஏறும். 60 மைல் வேகத்தில் இருப்பதைவிட 75-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல்! இன்னும் பழசான எண்பதுகளின் வண்டி என்றால் கார்புரேட்டர் வேறு. மூணு கியர் ஆட்டோமேட்டிக்காக இருந்துவிட்டால், ஹைவேயில் இன்ஜின் கத்திக்கொண்டேதான் ஓடும்.

'சரி, எப்படியும் குடிக்கிற வண்டி. ஒண்ணு ரெண்டு மைல் கூடினா என்ன, குறைஞ்சா என்ன?' என்றுதானே நினைக்கிறீங்க? அங்கேதான் ஏமாறுகிறோம். வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டறீங்க என்று வைத்துக்கொள்வோம். 12 குடுத்த டிரக்கை 15 குடுக்க வைத்தால், 1,000 கேலன் செலவு 800 ஆகும். மிச்சம் 200 கேலன். அதுவே 30 குடுக்கிற காரை விற்று 40 குடுக்கிற கார் வாங்கினால்? 400 கேலன் 300 ஆகும். மிச்சம் 100-தான்! கேலன் 3 டாலர் என்றாலே டிரக்காரருக்கு 600 டாலர் லாபம், கார்க்காரருக்கு 300. ட்யூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் இருவரும் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இந்தக் கணக்கு மயக்கத்தைத்தான் போட்டு உடைத்தார்கள். படித்தவர்களே தப்பாகத்தான் யூகித்தார்கள் என்பது கூடுதல் ஆறுதல்.

அந்த மூணு மைலை எங்கே தேடுவது? ஆக்சிஜன் சென்சாரில் தேடுங்கள். புகைக்குழாயில் உட்கார்ந்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடவா குறையவா என்று கோள் சொல்கிற சின்ன ஐட்டம் இது. கெட்டுப்போனால் இன்ஜின் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோலை ஊற்றும். மாற்றினால் மைலேஜ் 40 சதவிகிதம் வரைகூட ஏறலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அடுத்து, தெர்மோஸ்டாட். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடே ஏறாது. இன்னும் குளிராக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடுதலாகக் குடிக்கும். டெம்பரேச்சர் முள் எப்பவும் கீழேயே கிடந்தால் இதுதான் மேட்டர்.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கொட்டும் என்பார்கள். கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிக்கப்தான் கூடும், மைலேஜ் கூடாது. பின்னால் தொட்டியின் கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று ஃப்ரீயாகப் போகும் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. நிஜம் நேர்மாறு! கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும். மேலே வருகிற காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். 'மித்பஸ்டர்ஸ்' டி.வி. குழு ஓட்டிப் பார்த்தபோதும் மூடிய கதவுதான் ஜெயித்தது.

கெத்துக்காகப் பெரிய டயர் மாட்டிய வண்டி என்றால் உஷார். சக்கரம் பெரிசானால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். மைலேஜ் நிஜமாகவும் குறையும், கணக்கிலும் குறையும்.

சாவியை வாங்கும் முன் ஒரு வேலை. 1996-க்குப் பிந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங் அடியில் ஒரு ப்ளக் இருக்கும். சின்ன ஸ்கேனரைச் சொருகினால் சென்சார் கோளாறெல்லாம் கோடு நம்பராக வந்து விழும். அப்புறம் டேங்கை ஃபுல் பண்ணி, நூறு மைல் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஃபுல் பண்ணுங்கள். ஓடிய மைலை இரண்டாவது தடவை ஊற்றிய கேலனால் வகுத்தால் வருவதுதான் நிஜ மைலேஜ். பதினாலு வந்தால் தாராளமாகப் பேரம் பேசலாம். பத்து வந்து, ஸ்கேனரில் சென்சார் கோடும் வந்தால், ரிப்பேர் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள். பத்து வந்தும் ஸ்கேனர் ஒன்றுமே சொல்லவில்லையா? சீனியருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் பாஸ் எடுத்துக்குங்க!