முன் சில்லுப் பக்கம் 'டொக்' சத்தமும் முதலாளியின் பணமும்

பசறையில் வேன் வைத்துப் பிழைக்கும் சகோதரர்களிடம் பேசும்போது அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று உண்டு. "நேத்து முழுக்க டொக் டொக்னு அடிச்சிச்சி நானா, கராஜுக்குக் கொண்டு போனா சத்தமே இல்ல." பாஸும் பாவம், பதுளைப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஒன்றும் கேட்காது. "ஷொக் எப்சோபர் போயிருக்கும், மாத்திப் பாப்பம்" என்பார். இந்தப் 'பாப்பம்' என்ற சொல்லில்தான் எமது சிறு வாகன உரிமையாளர்களின் உழைப்பு கரைந்து போகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் மரக்கறி ஏற்றும் வேன் ஒன்றுக்கு முதலில் இரண்டு ஷொக்கையும் மாற்றினார். சத்தம் இரண்டு நாள் ஓய்ந்து மீண்டும் வந்தது. அடுத்து லோவர் ஆம் புஷ்களை மாற்றினார். கடைசியில் குற்றவாளி ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் சிறிய லிங்க் என்று தெரிந்தது. மாற்றிய சாமான்களில் மிகவும் மலிவானது அதுதான். ஆனால் அதற்கு முன் வேன் கராஜில் நின்ற நாட்களின் ஹயர் கைவிட்டுப் போய்விட்டது. சாமானின் விலையை எல்லோரும் கணக்கில் எழுதுகிறோம். ஓடாமல் நின்ற நாளை எத்தனை பேர் எழுதுகிறோம்?

இது இன்று முன்னரை விடப் பெரிய விடயம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததையே ஓட்டித் தேய்த்தோம். அதுவும் எங்கே? கோணக்கலை, மடூல்சீமைப் பக்கத் தோட்டப் பாதைகளில், கல்லிலும் குழியிலும். பழைய ஹையேஸோ டவுன்ஏஸோ டிமோ பட்டாவோ, முன்பக்கம் சத்தம் போடாவிட்டால்தான் ஆச்சரியம்.

கராஜில் சத்தம் ஏன் ஒளிந்துகொள்கிறது? தேய்ந்த இணைப்பில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரோ இரண்டோதான். அந்த இடைவெளி குறிப்பிட்ட பாரத்தில், குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட திசையில் இழுபட்டால்தான் இரும்பும் இரும்பும் மோதும். சாமான் ஏற்றிய வேன் போடும் சத்தத்தை வெறும் வேன் போடாமல் விடலாம். மழையில் நனைந்த றப்பர் கொஞ்ச நேரம் வாய் மூடிக்கொள்ளும். இரும்பு வழியே சத்தம் பயணிப்பதால், வலது பக்கத்தில் அடிப்பது சாரதிக்கு இடது பக்கத்தில் கேட்பதும் உண்டு. எனவே 'எங்கே' என்று கேட்பதை விட 'எப்போது' என்று கேட்பதே பலன் தரும்.

'எப்போது' என்பதற்கு விடை தரக்கூடியவர் தினமும் ஓட்டும் சாரதிதான், பாஸ் அல்ல. டாஷ்போர்டில் ஒரு சிறு கொப்பி போதும். மெதுவாகச் சிறு குழிகளில் இறங்கும்போது, ஒரு சில்லு மட்டும் ஏறி இறங்கும்போது சத்தம் வந்தால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க், அதன் புஷ். பிரேக் அடிக்கும்போது ஒரே ஒரு அடி என்றால் லோவர் ஆம் புஷ் அல்லது ஸ்ட்ரட் பார் புஷ். பின்னால் எடுத்துவிட்டு முன்னால் வந்து பிரேக் பிடிக்கும் முதல் தடவை மட்டும் என்றால் பிரேக் பேட் தன் இடத்தில் அசைகிறது. நிற்கும் வாகனத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, ஆல்டோ போன்ற கார்களில் ஷொக்கின் மேல் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். முழுதாக ஒடித்து எடுக்கும்போது 'டிக் டிக்' என்று தொடர்ந்து வந்தால், முன் சில்லு இழுக்கும் வாகனத்தில் அது சி.வி. ஜொயின்ட். கிளச்சை விட்டு எடுக்கும்போது மட்டும் வருவது முன்பக்கப் பாகமே அல்லாமல் என்ஜின் மவுண்டிங்காக இருக்கலாம்.

இதற்கெல்லாம் முன், சில்லு நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். சீற்றுக்கு அடியில் கிடக்கும் ஜேக், ஆயுதப் பெட்டி, பற்றரி, ஸ்பெயார் சில்லு எல்லாம் ஆடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், ஜேக்கின் சத்தத்துக்காக ஷொக் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து தூக்கிப் பார்ப்பது. இதில்தான் பல கராஜ்களில் அவசரம். ஸ்பிரிங்கின் பாரம் லோவர் ஆமில் இருக்கும் வாகனத்தைச் சேஸில் மட்டும் தூக்கினால், ஆம் தொங்கி, போல் ஜொயின்ட் இறுகிய நிலையில் இருக்கும். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் தெரியாது. ஜேக்கை ஆமின் கீழே கொடுத்துப் பாரத்தை எடுத்த பிறகே பார்க்க வேண்டும். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். அசைவு நின்றுவிட்டால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் பக்கம். இரு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டி அசைந்தால் டை ரொட் எண்ட். ஸ்டெபிலைசர் லிங்கில் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்கையும் கழற்றிக் கட்டிவிட்டு, ஆளில்லாத பாதையில் மிக மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் மறைந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. ஒரு சதமும் செலவில்லை.

இத்தனை விலாவாரியாகச் சொல்வது பணத்துக்காக மட்டுமல்ல. லிங்க் போனால் சத்தம்தான். போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு வெளியே சாய்ந்து ஸ்டியரிங் கைக்கு அடங்காது. 2005இல் டொயோட்டா நிறுவனமே அமெரிக்காவில் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான பிக்கப், ஜீப் வகை வாகனங்களை முன் போல் ஜொயின்டுக்காகத் திரும்ப அழைத்துப் பரிசோதித்தது. தயாரிப்பின்போது விழுந்த கீறலால் அவை சீக்கிரம் தேய்ந்தன. புதிய வாகனத்துக்கே அந்த நிலை என்றால் எமது வாகனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் மைல்கல்லில் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்ததை எவரும் மறக்கவில்லை. அதற்கு வாகனப் பாகம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எமது பாதையின் ஓரத்தில் தவறுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்காகவே நினைவூட்டுகிறேன். வருடா வருடம் நாம் எடுக்கும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கிறது, போல் ஜொயின்டைப் பார்ப்பதில்லை.

சாமான் வாங்குவதிலும் ஒரு வார்த்தை. பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய சாமான் நல்லது என்று நம்பி வாங்குகிறோம். கியர் பெட்டி, கதவு, லைட் என்றால் சரி. ஆனால் போல் ஜொயின்ட், றப்பர் புஷ் இரண்டையும் பழையதாக வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஓடாமல் கிடந்தாலும் றப்பர் வயதாகிறது. பெட்டியில் பெரிய பெயர் அச்சிட்ட போலிகளும் சந்தையில் உண்டு என்பதால் பில் தரும் கடையில் வாங்குங்கள்.

பாஸ்மாருக்கும் நியாயம் பேச வேண்டும். ஒரு மணித்தியாலம் வாகனத்தின் கீழ் படுத்துத் தேடி, "லிங்க் மட்டும்தான்" என்று சொல்பவருக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? சாமான் மாற்றினால் மட்டுமே கூலி என்றால் அவரும் சாமானைத்தான் மாற்றுவார். "பாத்துச் சொல்லுங்க பாஸ், பாக்குறதுக்குத் தனியா தாறேன்" என்று முதலிலேயே பேசிக்கொள்வது இருவருக்கும் இலாபம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் சந்தேகம் அல்ல, வியாபார ஒழுங்கு.

லோவர் ஆம் புஷ் மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுதியாக இறுக்கக் கூடாது. வாகனத்தை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் வந்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய றப்பர் ஆரம்பத்திலிருந்தே முறுகி நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். பிறகு எலைன்மன்ட் பார்த்துக்கொண்டு, ஒரு கிழமை தோட்டப் பாதையில் ஓடிய பின் போல்ட்டுகளை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.