கரண்ட் மண்டி – 14: வெந்நீர் டேங்கின் கடிகாரம்

போன வாரம் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ஏலம், கடைசியாக எடுபட்டவர் கேட்ட விலையே அத்தனை பேருக்கும். இதற்கு மேல் முன்கதை கிடையாது; போன இதழைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். 2022 ஜூனில் அந்தச் சந்தையையே இழுத்துப் பூட்டிய கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். குறுக்கே ஒரு வெந்நீர் டேங்க் வந்து நின்றுகொண்டது.

அடிலெய்டில் என் அத்தை மகன் இருக்கிறான். மண்டி விலையை அப்படியே வீட்டு வாசலில் இறக்கிவிடும் ஒரு திட்டத்தில் சேர்ந்திருக்கிறான். போனை எடுத்துப் பார்த்தால் இந்த ஐந்து நிமிடத்துக்கு யூனிட் என்ன விலை என்று தெரியும். பூட்டிய கதைக்கு ஒரு சந்தேகம் கேட்க ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கூப்பிட்டேன். அங்கே பகல் ஒன்றரை. (அடிலெய்டும் நம்மைப் போல அரை மணிக் கணக்கு ஊர்தான். ஆனால் சந்தையின் கடிகாரம் வருஷம் முழுக்கப் பிரிஸ்பேன் நேரத்தில் ஓடுகிறது. அந்த ஊர் ஏலத்தைப் படிக்கிறவர்கள் கூட்டிக் கழித்துத்தான் ஆகவேண்டும்.)

"மச்சான், அப்புறம் பேசுறேன். விலை மைனஸ்ல இருக்கு" என்றான். பின்னால் வாஷிங் மெஷின் சுற்றும் சத்தம். அதற்கும் பின்னால் அத்தையின் குரல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விலை மைனஸ் என்பதை நான் இன்னும் முழுதாக ஜீரணிக்கவில்லை. காசிமேட்டு ஏலத்தில் வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும்; மீனையும் கொடுத்து, கூடக் காசையும் கொடுத்து அனுப்பும் படகுக்காரரை யாரும் பார்த்திருக்க மாட்டோம். ஆஸ்திரேலிய மண்டியில் சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆயிரம் யூனிட்டுக்கு மைனஸ் 1,000 டாலர் வரை கேட்கலாம். காற்றாலைக்காரருக்கு ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு பசுமைச் சான்றிதழ் கிடைக்கிறது; அதைத் தனியாக விற்கலாம். சான்றிதழ் விலையைவிடக் குறைவாகக் கைக்காசு போகும்வரை அவருக்கு லாபம்தான். பக்கத்து மாநிலமான விக்டோரியாவின் பழுப்பு நிலக்கரி நிலையங்களுக்கு வேறு காரணம்: கொதிகலனை மத்தியானம் அணைத்துச் சாயங்காலம் பற்றவைக்க முடியாது. நஷ்டத்துக்கு ஓட்டுவது, நிறுத்துவதைவிட மலிவு.

இந்த மைனஸை வைத்து ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 2021 அக்டோபர் 1 வரை ஏலம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, பட்டுவாடா மட்டும் அரை மணிக்கு ஒன்று. ஆறு ஏலத்தின் சராசரி. முதல் ஐந்து நிமிடத்தில் விலை உச்சவரம்பையொட்டி 14,000 டாலரைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். உடனே எல்லா நிலையங்களும் மீதி ஐந்து ஏலத்துக்கும் மைனஸ் 1,000 என்று கேட்டுக்கொண்டு உள்ளே பாயும். 14,000த்தில் 5,000 போனால் 9,000. ஆறால் வகுத்தால் 1,500. மைனஸில் கேட்டவருக்கும் 1,500 டாலர்! இதைப் பொறுக்க முடியாமல் 2015இல் மனுப் போட்டது மின்சாரம் விற்கிற கம்பெனி இல்லை, வாங்குகிற கம்பெனி: குயின்ஸ்லாந்தில் டவுன்ஸ்வில் பக்கத்தில் துத்தநாகம் சுத்திகரிக்கும் சன் மெட்டல்ஸ். மனு போட்டதற்கும் விதி அமலுக்கு வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஆறு வருஷம்.

சரி, டேங்குக்கு வருகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1946இல் மாநில முதல்வர் தாமஸ் பிளேஃபோர்ட் தனியார் மின்கம்பெனியை அரசுடைமை ஆக்கினார். (அங்கே மாநில முதல்வரைப் 'பிரீமியர்' என்று அழைப்பார்கள்.) லீ கிரீக் என்ற வறண்ட இடத்தில் மட்டமான நிலக்கரியை வெட்டி, சுமார் 250 கிலோமீட்டர் ரயிலில் போர்ட் அகஸ்டாவுக்குக் கொண்டுவந்து எரித்தார்கள். நிலக்கரி நிலையம் ராத்திரியில் தூங்காது, ஊர் தூங்கிவிடும். மிஞ்சுகிற கரண்டை என்ன செய்வது? வீட்டுக்கு வீடு இருநூற்றைம்பது, முந்நூறு லிட்டர் வெந்நீர் டேங்க். அதற்குத் தனி மீட்டர், தனி மலிவு விலை, மீட்டரோடு ஒரு கடிகாரம். இரவில் குறித்த நேரம் வந்ததும் டக்கென்று சுவிட்ச் போடும். விடிவதற்குள் தண்ணீர் காய்ந்திருக்கும்.

போர்ட் அகஸ்டாவின் கடைசி நிலக்கரி நிலையத்தை 2016 மே மாதம் மூடினார்கள். கடிகாரங்களிடம் யாரும் சொல்லவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடம்தான். இரவு பதினொன்றரை வாக்கில், சாப்பிட்டு விளக்கணைத்துத் தூங்கும் ஓர் ஊரில், தேவை திடுமென்று இருநூறு மெகாவாட்டுக்கு மேல் துள்ளும். மாநிலத்தின் சராசரித் தேவையே சுமார் 1,400 மெகாவாட்தான். அணைத்து வைத்திருந்த எரிவாயு நிலையத்தை இதற்காகக் கிளப்ப வேண்டும், விக்டோரியாவிலிருந்து வரும் கம்பியை முட்ட முட்ட இழுக்க வேண்டும். சில இரவுகளில் விலை எகிறிவிடும். நிலக்கரியின் மிச்சத்தைச் சாப்பிடப் பிறந்த கடிகாரம், நிலக்கரி போனபிறகு எரிவாயுவை முழு விலைக்கு வாங்கித் தின்றுகொண்டிருந்தது. அதே ஊரில் மறுநாள் பகல் ஒரு மணிக்கு, விலையில்லாமல் வழிகிற வெயில் கரண்டை என்ன செய்வதென்று முழித்தார்கள்.

எவ்வளவு வழிந்தது? மூன்றில் ஒரு வீட்டுக்கும் மேல் கூரையில் சோலார். சந்தைக் கணக்கு கூரைக் கரண்டை உற்பத்தியில் சேர்ப்பதில்லை, தேவையில் கழிக்கிறது. 2011 ஜனவரி வெக்கையில் சுமார் 3,400 மெகாவாட்டைத் தொட்ட அதே மாநிலத்தின் தேவை, 2023 டிசம்பர் 31 மதியம் மைனஸ் 26 மெகாவாட். விலைதான் மைனஸ் என்று பார்த்தால் தேவையும் மைனஸ்! வீடுகள் ஒன்றுசேர்ந்து மொத்த மாநிலத்தையும் விற்பனையாளராக மாற்றிவிட்டன. இது கொண்டாட்டம் மட்டுமில்லை. 2021 மார்ச் 14 அன்று மின்கட்டமைப்பு தள்ளாடிவிடும் என்ற பயத்தில் சுமார் 12,000 வீடுகளின் சோலாரைத் தூரத்திலிருந்தே அணைத்தார்கள்.

அதனால் இப்போது கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2020 ஜூலை முதல் மின்விநியோகக் கம்பெனி ஒரு கட்டண முறை வைத்திருக்கிறது. பெயர் 'சோலார் ஸ்பாஞ்ச்'. ஆரம்பித்தபோது காலை பத்து முதல் மாலை மூன்று வரை கம்பி வாடகை வழக்கத்தில் நாலில் ஒரு பங்கு. டேங்குகள் ஒவ்வொன்றாக ராத்திரியிலிருந்து மத்தியானத்துக்குக் குடிபெயர்கின்றன.

இங்கே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இந்த வாரம் எனக்குச் சோறு இறங்கியது இதனால்தான். 300 லிட்டர் தண்ணீரை நாற்பது டிகிரி சூடேற்ற சுமார் 14 யூனிட் பிடிக்கும். பத்தாயிரம் டேங்குக்கு 1,40,000 யூனிட். 2017இல் ஈலான் மஸ்க் 'நூறு நாளில் முடிக்காவிட்டால் இலவசம்' என்று பந்தயம் கட்டி, ஜேம்ஸ்டவுன் பக்கத்தில் ஹார்ன்ஸ்டேலில் நிறுவிய பேட்டரி, உலகமே படமெடுத்துப் போட்டது, அதன் கொள்ளளவு அப்போது 1,29,000 யூனிட். பத்தாயிரம் பழைய டேங்குகள் அதைவிடப் பெரிசு! நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: டேங்க் வாங்கிய கரண்டைத் திருப்பித் தராது, பேட்டரி தரும், கண் இமைப்பதற்குள் தரும். ஆனால் மத்தியானத்தை விழுங்கி ராத்திரியைக் காலிசெய்யும் வேலைக்கு டேங்க் போதும். அதைப் படமெடுத்து யாரும் போடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

மத்தியானம் சரிந்த விலை சாயங்காலம் திரும்பி வந்து பிடரியில் அடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் 46.6 டிகிரி, அன்று ஆயிரம் யூனிட் 14,500 டாலர் என்ற வரம்பை விலை முட்டியது. யூனிட் பதினாலரை டாலர். இப்படி முட்டுகிற விலையை விடாமல் கூட்டிக்கொண்டே வரும் ஒரு கணக்கு இருக்கிறது. அது ஒரு அளவைத் தாண்டினால் சந்தைக்கே கடிவாளம் விழும். 2022 ஜூனில் நடந்தது அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஆனால் இடம் முடிந்துகொண்டிருக்கிறது.

அத்தை. மூன்று மாச விசாவில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். சுற்றிக்கொண்டிருந்த மெஷினின் துணியைக் காலை ஆறு மணிக்கே துவைக்கக் கொடுத்தாராம். பதினொரு மணி ஆகட்டும் என்று மகன் தடுத்துவிட்டான். போனை வாங்கி என்னிடம், "ஏம்ப்பா தம்பி, கரண்டுக்கும் ராகு காலம் பாக்கணுமாம். நீயே கேளு இவனை" என்றார். கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரைலேருந்து ஆறு, மச்சான். எங்களுக்கு ஆறுலேருந்து எட்டு. பெருசா வித்தியாசம் இல்ல" என்றான்.

அவன் வீட்டு டேங்கையும் போன மாசம் மதியத்துக்கு மாற்றிவிட்டான். மறுநாள் காலை அத்தை குளிக்கும்வரை சூடு அப்படியே இருக்கும், நல்ல டேங்க். அத்தைக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மத்தியானம் காய்ந்த தண்ணீரில் இன்று குளிப்பதா? அது பழந்தண்ணீராம். இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு, வெயில் கூரைக்கு எட்டாத நேரத்தில், கரண்ட் அடுப்பில் ஒரு பெரிய குண்டான் நிறையத் தண்ணீர் வைக்கிறார்.

அடுத்த வாரம் 2022 ஜூன். வேறு எதுவும் குறுக்கே வராவிட்டால்.