ஆர்க்கிட்டுக்கு ஏன் போர்வை?

அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாவில் ஆர்க்கிட் செடிகள் ஆண்டு முழுவதும் திறந்தவெளியில்தான் வளர்கின்றன. ஓக் மரக்கிளைகளில் மரச்சட்டக் கூடைகளைத் தொங்கவிட்டு, வேர்கள் காற்றில் ஆட வாண்டா வகை ஆர்க்கிட்டுகளை வளர்க்கிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் சில இரவுகள்தான் சோதனை. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகலாம்.

வெப்பமண்டல ஆர்க்கிட் கெட்டுப்போக, நீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை. 10 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் நின்றாலே வாண்டா, ஃபெலனாப்சிஸ் இலைகளின் செல் சவ்வுகள் பழுதாகின்றன. இலையில் குழியும் கருமையும் தெரியப் பல நாட்கள் ஆகும். இமயமலைச் சரிவுகளின் சிம்பிடியம் வகை ஆர்க்கிட்டுகளோ அந்தக் குளிரைத் தாங்கும். மொட்டுக் கட்டவே அவற்றுக்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும்.

குளிர் பெரும்பாலும் இரண்டு கட்டமாக வரும். முதல் இரவில் வீசும் காற்றே செடியின் வெப்பத்தை அள்ளிப் போகும். அதற்குக் காற்றுத் தடுப்பு போதும். அடுத்த இரவில் காற்று அடங்கி, வானம் மேகமின்றி இருக்கும். அப்போது இலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிரும். மேகம் இருந்தால் அக்கதிர்களை உள்வாங்கித் தானும் வெப்பத்தைக் கீழே அனுப்பும். அடர்ந்த மரக்கிளையும் தாழ்வாரக் கூரையும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

மரமோ கூரையோ இல்லாத இடத்தில் செடிக்குப் போர்வைதான் துணை. ஆனால் அது நம் கம்பளி போல வேலை செய்யாது. நம் உடல் சூட்டை நம்மிடமே நிறுத்துகிறது கம்பளி. செடிக்கு அப்படிச் சொந்தச் சூடு கிடையாது. பகலில் வெயில் வாங்கிய தரைதான் அதன் அடுப்பு. அதனால் போர்வை தரைவரை விழ வேண்டும். செடியை மட்டும் சுற்றிக் கட்டினால் தரைச் சூடு உள்ளே வராது. பிளாஸ்டிக் விரிப்பானால் இலையில் படக்கூடாது. காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். உள்ளே பழைய குண்டு பல்பு எரியவிட்டால் கொஞ்சம் சூடு கிடைக்கும், எல்.இ.டி. பல்பு அதற்கு உதவாது.

பெரிய பண்ணைகளில் இரவெல்லாம் தண்ணீர் தெளிப்பதுண்டு. அங்கே நிலத்தடி நீரே ஏறத்தாழ 24 டிகிரி இருக்கும். உறைய நேர்ந்தாலும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 600 கலோரியை இழுத்துக்கொள்ளும். எனவே தெளிப்பதைப் பாதியில் நிறுத்தினால் நனைந்த இலை இன்னும் குளிரும். வீட்டில் வளர்ப்பவர்கள் இலைகளை உலர்ந்தபடி விடுவதே நல்லது.

ஆகவே வானிலை அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலையோடு காற்றின் வேகத்தையும் மேகமூட்டத்தையும் பார்க்க வேண்டும். காற்றில்லாத தெளிந்த இரவென்றால், தரைச் சூடு கலையுமுன், பொழுது சாயும்போதே போர்த்திவிடுவது நல்லது.