மோதாத பல்லுறுப்புக்கோவையைக் கட்டுவது எப்படி?

0 முதல் 6 வரை ஏழே எண்கள். கூட்டினாலும் பெருக்கினாலும் 7-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். இது ஒரு குட்டி முடிவுறு புலம். இதில் ய³ கணக்கிட்டுப் பாருங்க: 1, 2, 4 மூன்றுக்குமே விடை 1. மோதல்! ய⁵ போட்டால் 0, 1, 4, 5, 2, 3, 6. எல்லா எண்ணும் ஒரே ஒரு தடவை வருது, வரிசை மட்டும் மாறியிருக்கு. இதுதான் வரிசைமாற்றப் பல்லுறுப்புக்கோவை.

மோதினால் என்ன நஷ்டம்? மறையாக்கத்தில் இரண்டு செய்திகள் ஒரே குறியாக மாறிவிட்டால், பூட்டியதைத் திறக்கவே முடியாது. ஏஇஎஸ் முறையின் மாற்று அட்டவணை, 256 உறுப்புப் புலத்தில் ய²⁵⁴ என்ற வரிசைமாற்றத்திலிருந்துதான் தொடங்குது.

ஒற்றை உறுப்புக்கு விதி சுலபம்: புலத்தின் அளவில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணுக்கும் அடுக்குக்கும் 1 தவிர பொது வகுத்தி இருக்கக் கூடாது. 5-க்கும் 6-க்கும் இல்லை. 3-க்கும் 6-க்கும் இருக்கு. 254-க்கும் 255-க்கும் இல்லை.

இரண்டு உறுப்பு வந்தால்? நம் குட்டிப் புலத்தில் படி 6 வரையுள்ள கோவைகள் 8,23,543. அவற்றில் வரிசைமாற்றம் 5,040 மட்டுமே. குருட்டாம்போக்கில் தேடுவதைவிட, நாமே கட்டிவிடலாம்.

ய⁴ + அ·ய என்பதை ய(ய³ + அ) என்று எழுதிக்கொள்வோம். வர்க்க எண்களான 1, 2, 4-க்கு ய³ = 1. மற்ற 3, 5, 6-க்கு ய³ = −1. ஆக, வர்க்கக் கட்சியை அ+1 பெருக்குது, எதிர்க்கட்சியை அ−1 பெருக்குது. பூஜ்யமல்லாத ஓர் எண்ணால் பெருக்கினால் ஒரே கட்சிக்குள் மோதல் வராது. வர்க்கத்தால் பெருக்கினால் கட்சி மாறாது. மற்றதால் பெருக்கினால் மாறும். ஒரு கட்சி தாவி, இன்னொன்று இருந்த இடத்திலேயே நின்றால்தான் வம்பு. எனவே அ+1, அ−1 இரண்டும் ஒரே இனமாக இருக்கணும். அதாவது அவற்றின் பெருக்கல் அ²−1 பூஜ்யமல்லாத வர்க்கமாக இருக்கணும்.

அ = 3 என்றால் பெருக்கிகள் 4, 2. இரண்டும் வர்க்கம். விடைகள் 0, 4, 1, 6, 2, 3, 5. அ = 2 என்றால் பெருக்கிகள் 3, 1. மோதல்.

எனக்கு இதில் பிடித்தது, அளவு பெருத்தாலும் வேலை பெருக்காததுதான். ஆய்லர் 1772-ல் பகா எண் என்று காட்டிய 2³¹−1-ஐ எடுத்துக்கொள்ளுங்க. புலத்தில் 214 கோடிக்கும் மேல் உறுப்புகள். இங்கே ய-யின் அடுக்கு 1,07,37,41,824; அ = 3 என்றே வைப்போம். அ²−1 = 8. இந்தப் புலத்தில் 2³¹ = 1 என்பதால் 8 = 2³⁴, அதாவது 2¹⁷-இன் வர்க்கம். ஒரு வரியில் முடிஞ்சது: 214 கோடியில் ஒரு ஜோடிகூட மோதாது.