மலையேறும் வண்டிகள் – 9: டிரைவர் பக்கத்து ஸ்பிரிங்

துருவேறிய சேசிஸைச் சுரண்டி, பழைய என்ஜினைக் கழற்றி இறக்கியதோடு சென்ற வாரம் முடிந்தது. விடாமல் வாசிப்பவர்களுக்கு அதற்குமேல் நினைவூட்டத் தேவையில்லை. இந்த வாரம் புது என்ஜினை ஏற்றுவதாகப் பேச்சு. ஏற்றத்தான் வேண்டும். ஆனால் நடுவில் ஒரு ஸ்பிரிங் குறுக்கே வந்து படுத்துவிட்டது. அதை ஒரு வரியில் தாண்டிப்போக மனம் வரவில்லை.

விஷயம் இதுதான்: பழைய லேண்ட் ரோவரின் வலப்பக்க ஸ்பிரிங்கும் இடப்பக்க ஸ்பிரிங்கும் ஒன்றல்ல.

பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அதே பட்டைகள், அதே கண், அதே நடு போல்ட். கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினால்தான் வித்தியாசம் தெரியும். டிரைவர் பக்கத்து ஸ்பிரிங் சற்றுக் கூடுதலாக வளைந்து, முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கம்பெனியின் உதிரிப்பாகப் பட்டியலிலும் இரண்டுக்கும் தனித்தனி எண்தான். காரணம் எளிது. பக்கத்துச் சீட்டில் ஆள் இருந்தாலும் இருப்பார், இல்லாவிட்டாலும் இல்லை. டிரைவர் இல்லாமல் வண்டி ஓடாது. நம் நாட்டு வண்டியில் அவர் வலப்பக்கம். ஸ்டியரிங் பெட்டியும் வலப்பக்கம். போதாக்குறைக்கு எரிபொருள் டாங்கியையும் அவருடைய சீட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டார்கள். குட்டை வண்டியின் டாங்கி 10 கலன், அதாவது 45 லிட்டர். நிரப்பினால் பெட்ரோல் ஏறக்குறைய 34 கிலோ, டீசல் 38. துரை 70 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் (தோட்டத்துத் துரைமார் எத்தனை பேர் அந்த எடையோடு நின்றார்கள் என்பது வேறு கதை) ஒரே பக்கத்தில் 100 கிலோவுக்கு மேல் நிரந்தரச் சுமை. அந்தச் சுமை ஏறியதும் உயர்ந்த பக்கம் தாழ்ந்து வண்டி மட்டமாக நிற்கும். வெறும் வண்டி ஒருபக்கம் தூக்கியிருந்தால் அது குறை அல்ல, அப்படித்தான் செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேண்ட் ரோவரை முதலில் கற்பனை செய்தபோது இந்தச் சிக்கலில் பாதி இல்லவே இல்லை. 1947இல் ரோவர் கம்பெனியின் பொறியியல் தலைமையில் இருந்த மொரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸின் ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே உழைத்துக்கொண்டிருந்தது போரில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப். அது ஓய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது என்ற யோசனையில்தான் புது வண்டி பிறந்தது. முதல் மாதிரி வண்டியை ஒரு ஜீப்பின் சேசிஸ் மேலேயே கட்டினார்கள். ஸ்டியரிங்கை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நட்டநடுவில், டிராக்டர் மாதிரி. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே வண்டியை அனுப்பிவிடலாம் என்று கணக்கு. நடுவில் உட்கார்ந்து ஓட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். அந்த மாதிரி வண்டி இன்று இல்லை. 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகம் பார்த்த வண்டியில் ஸ்டியரிங் ஓரத்துக்கு வந்துவிட்டது. டிரைவரின் எடையும் கூடவே ஓரத்துக்கு வந்தது.

சரி, இங்கிலாந்திலிருந்து மடுல்கெல்லவுக்கு வரலாம்.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில தாண்டி மடுல்கெல்ல வரைக்கும் எந்த வண்டியும் வரும். அங்கிருந்து தோட்டத்துக்குள் திரும்பி நக்கிள்ஸ் மலைப்பக்கம் ஏறும்போதுதான் ஸ்பிரிங் என்ற ஒன்று இருப்பது இடுப்புக்குத் தெரியவரும். கல் பதித்த பாதை, கல் பெயர்ந்த பாதை, கான் வெட்டிய பாதை. குட்டை லேண்ட் ரோவரின் பின்பக்கம் ஏறுபவர்கள் சக்கர வளைவுக்கு மேல் நீளப்பலகையில் பக்கவாட்டாக உட்கார வேண்டும். பின் எக்சல் நேர் கீழே. லயத்திலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டிகளும் இந்த வண்டிகள்தான். சஸ்பென்ஷனை மாற்றுவதை உல்லாசப் பயணிகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அந்தப் பலகையில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்த வண்டிகளின் வயதை நம்பர் பிளேட்டே சொல்லும். ஆங்கில எழுத்து இருந்தால் 1957க்கு முந்தியது. சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த ஒற்றை எழுத்தின் மேல் 1958இல் தார் பூசிப் போராடிய நாடு இது. பழைய ஜீப் வாங்கப் போகிறவர் இன்று குனிந்து முதலில் பார்ப்பதும் அதே எழுத்தைத்தான். எப்படிப் பார்த்தாலும் அறுபது வயதைத் தாண்டிய வண்டிகள் இவற்றில் நிறைய. அந்த அறுபது வருடத்தில் ஸ்பிரிங் எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை முறை வலது இடதாகியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

அங்கேதான் வினை. இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் பூட்டினால் வண்டி டிரைவர் பக்கம் சாயும். சாய்ந்த வண்டியைப் பார்த்ததும் சேசிஸ் வளைந்துவிட்டது என்பார் ஒருவர். பட்டை இளகிவிட்டது என்பார் இன்னொருவர். கடைசியில் லொறிப் பட்டை ஒன்றை வெட்டி, சாய்ந்த பக்கத்தில் சொருகிக் கட்டிவிடுவார்கள். சாய்வு போய்விடும், கூடவே இருந்த கொஞ்சநஞ்ச நெகிழ்வும் போய்விடும். செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. வண்டியைத் தேயிலை பெக்டரியின் சிமெந்துத் தரை போன்ற மட்டமான இடத்தில் நிறுத்தி, டாங்கியை நிரப்பி, ஆளையும் உட்காரவைத்து, எக்சலுக்கும் சேசிஸுக்கும் இடையிலான உயரத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால், பட்டை சேர்ப்பதற்கு முன் ஸ்பிரிங் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங் கழற்றுவதைச் சுலபமான வேலை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. யூ போல்ட்டுகள் நட்டோடு ஒன்றாகிப்போயிருக்கும். ஸ்பானர் போடுவது வீண், அறுத்தே எடுக்க வேண்டும். பட்டையைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட், புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்தால் ரப்பர் விழுங்கிக்கொள்ளும், போல்ட் அசையாது. கேஸ் டோர்ச்சால் ரப்பரை எரித்து (கறுத்த புகை, கண் எரிச்சல், பக்கத்தில் பெட்ரோல் டாங்கி இருப்பதை மறக்கக்கூடாது), உள் குழாயை உருவி எடுத்த பிறகு வெளிக்குழாய் மட்டும் சேசிஸுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் ஹெக்ஸோ பிளேட்டை நுழைத்து, நெடுக ஒரு கீறல். ஆழம் கூடினால் சேசிஸ் வெட்டுப்படும், குறைந்தால் குழாய் வராது. சரியான ஆழத்தில் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு குழாய் சுருங்கிக் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கழற்றிய ஸ்பிரிங்கைப் பிரித்தால் பாதிக் குற்றவாளி அங்கேயே பிடிபடுவான். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வளையும். நக்கிள்ஸ் மழை இரண்டு பருவமும் உள்ளே போய், பட்டைகளுக்கு நடுவில் துரு தடித்து, பத்துப் பட்டையும் ஒரே இரும்புக் கட்டையாகிவிடுகிறது. "லேண்ட் ரோவர் என்றால் தூக்கித்தான் போடும்" என்ற பேச்சில் பாதி இந்தத் துருவைப் பற்றியது. பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசித் திரும்பக் கட்டி, புது புஷ்ஷும் நல்ல ஷொக் அப்சோர்பரும் போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். புதிதாக எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பார்ப்பதுதான் புத்தி.

அதற்கும் மேலே போக விரும்புபவர்களுக்கு பரபோலிக் ஸ்பிரிங். பத்துப் பட்டைக்குப் பதில் இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு பட்டையும் நடுவில் தடித்து, நுனிக்குப் போகப்போக மெலியும். அதனால் பாரம் பட்டை முழுவதிலும் சமமாகப் பரவுகிறது. பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடும். இடையில் காற்றுதான், உராய்வு இல்லை, துரு கட்டிப்பிடிக்க இடமும் இல்லை. சக்கரம் குழிக்குள் தாராளமாக இறங்கும். ஆனால் பழைய ஸ்பிரிங்கில் ஆட்டத்தை அடக்கியதே அந்த உராய்வுதான். அது போனதும் முழு வேலையும் ஷொக் அப்சோர்பரின் தலையில் விழுகிறது. பழைய ஷொக்கோடு பரபோலிக் பூட்டினால் வண்டி தொட்டில் கட்டியதுபோல் ஆடும். இன்னொன்று: வலது இடது பார்க்காமல் ஒரே அளவில் விற்கப்படும் பரபோலிக் ஜோடிகள் உண்டு. வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன சாய்வு காசு கொடுத்து வாங்கிய சாய்வாகிவிடும்.

சுருள் ஸ்பிரிங் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். 1970இல் ரேஞ்ச் ரோவருக்கும், 1983இல் 110க்கும், அடுத்த வருடம் 90க்கும் கம்பெனியே அதைக் கொடுத்தது. பழைய சீரிஸ் வண்டிக்கு அதைக் கொண்டுவர எக்சலும் அதைப் பிடிக்கும் கைகளும் சேசிஸும் மாற வேண்டும். அத்தனையும் மாறிய பிறகு மிஞ்சுவது பழைய வண்டியின் கதவும் நம்பர் பிளேட்டும்தான். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு ஆள் ஏற்றிய சீரிஸ் லேண்ட் ரோவர்கள் 2018இல் நாற்பதுக்கும் மேல் இருந்தன. அந்த வருடம் கம்பெனி தன் எழுபதாம் ஆண்டுக்கு அவற்றைத் தேடிப்போய்ப் படமெடுத்தது. பட்டை ஸ்பிரிங் மலையேறாது என்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கட்டும்.

இனி என்ஜின். ஸ்பிரிங் இத்தனை இடத்தைத் தின்றதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: எந்த என்ஜின் என்று முடிவாகாமல் முன்பக்க ஸ்பிரிங் வாங்கவே முடியாது. டீசல் என்ஜின் பெட்ரோலைவிடக் கனம். கம்பெனியே டீசல் வண்டிக்கு முன்பக்கம் கூடுதல் பலமுள்ள ஸ்பிரிங் கொடுத்தது. இங்கே என்ஜினை ஒரு கராஜிலும் ஸ்பிரிங்கை இன்னொரு கராஜிலும் கொடுக்கிறார்கள். ஒருவர் என்ன செய்தார் என்று மற்றவருக்குத் தெரியாது. மூக்குக் குத்திய லேண்ட் ரோவர்கள் இப்படித்தான் உருவாகின்றன.

1958இல் வந்த இரண்டாம் சீரிஸின் 2286 சி.சி. பெட்ரோல் என்ஜினுக்கு 77 குதிரைவலு. சாகாத என்ஜின்தான், ஆனால் குடிக்கும். மலையில் லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். 2022இல் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்த காலத்தில் அதன் சொந்தக்காரர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அதே அளவு டீசல் என்ஜின் 62 குதிரைவலு. முறுக்குவிசை 140 நியூட்டன் மீட்டர், 1800 சுற்றில். 1989இல் டிஸ்கவரியோடு வந்த 200 டி.டி.ஐ. டர்போ டீசல் அதே 1800 சுற்றில் 265 கொடுக்கிறது. மலைப்பாதைக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியம், உச்ச வேகம் அல்ல.

ஆனால் இலங்கையில் பெரும்பாலும் நடந்தது வேறு. 1977இல் பொருளாதாரம் திறந்தபின் ஜப்பானிய ரீகண்டிஷன் சாமான் வந்து குவிந்தது. பஞ்சிகாவத்தைக் கடைகளில் இசுசுவும் நிசானும் கிடைக்கும்போது இங்கிலாந்திலிருந்து என்ஜின் வருவிக்க யாருக்குப் பைத்தியம்? நிசான் டி.டி. 27ஐ எடுத்துக்கொள்ளலாம்: 2663 சி.சி., டர்போ இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை, பல் சக்கரம். 200 டி.டி.ஐ. அளவுக்குப் பலம் கிடையாது. ஆனால் பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதும் பயமில்லை. தோட்ட வண்டிக்கு இதுதான் பொருத்தம் என்பது இந்தத் தொடரின் கட்சி. 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி அடைபட்டுக் கிடந்த காலம் இந்தப் பழைய வண்டிகளின் மதிப்பை ஏற்றியது. கலப்பு என்ஜின் வண்டியை ஏளனமாகப் பார்த்தவர்களும் அடங்கிப்போனார்கள்.

ஏற்றும்போது இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, எண்ணெய்ச் சட்டி. லேண்ட் ரோவரின் முன் டிஃபரன்ஷல் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது அது மேலேறி வந்து சட்டியைத் தொடும். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது, முதல் பெரிய குழியில் தெரியும். மற்றது, பின் எக்சல் ஷாஃப்ட். பழைய ஷாஃப்ட்டில் பத்துப் பல். கம்பெனி கொடுத்த பலத்துக்கே சில சமயம் முறியும், கூடுதல் முறுக்குக்குக் கேட்கவே வேண்டாம். ஒரு ஆறுதல்: வண்டியின் பாரத்தை ஷாஃப்ட் சுமப்பதில்லை, எக்சல் குழாய்தான் சுமக்கிறது. அதனால் ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஹப்பில் ஆறு போல்ட்டைக் கழற்றி, முறிந்ததை உருவிப் போட்டுவிட்டு, நாலு சக்கர இழுவையைப் போட்டு முன்சக்கரத்தின் பலத்திலேயே மெதுவாக வீடு வந்து சேரலாம்.

ஏறுவது ஆயிற்று. ஏறிய வண்டி இறங்க வேண்டும். இருப்பதோ பத்து அங்குல டிரம் பிரேக். நெட்டை வண்டியின் பதினோரு அங்குல டிரம்மைக் குட்டை வண்டிக்குப் போடும் வேலையும், மாற்றிய என்ஜினின் எண்ணை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றும் வேலையும் அடுத்த வாரம். இடையில் வேறு ஸ்பிரிங் எதுவும் குறுக்கிடாவிட்டால்.